பேரைச் சொல்லி வாங்கிய வெல்லம்

1

போன மாதம் எங்கள் மாவு மில்லில், காப்பி மெஷினுக்குப் பக்கத்தில், புதிதாக ஒரு சர்க்கரைக் கட்டி டப்பா வந்து உட்கார்ந்தது. நான் கேட்டு வந்தது அது. பாரிஸ் நகரத்துக்கு வெளியே ஒரு கால்வாய் ஓரத்தில் இருக்கிறது இந்த மில். இங்கே கோதுமை மாவு மூட்டை பிடிக்கிறவன் நான். அரியலூரிலிருந்து கிளம்பிப் போன ஒருவன் வாய் திறந்து கேட்டான், பிரெஞ்சுக்கார மேனேஜர் உடனே செய்து கொடுத்தார் என்றால் ஊரில் நீங்கள் பெருமைப்படுவீர்கள். அவசரப்பட வேண்டாம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த நாட்டில் சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சட்டம் போட்டார்கள். வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வேலை எப்படி இருக்கிறது, என்ன குறை என்று நிர்வாகம் காது கொடுத்துக் கேட்க வேண்டுமாம். சட்டம் மற்ற இடங்களுக்கு எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் மில்லுக்கு நடந்தே வந்ததோ என்னவோ, இப்போதுதான் வந்தது. மேனேஜர் மிஸியே புருனே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எங்களோடு வட்டமாக உட்கார்ந்தார். "நீங்கள் இங்கே சந்தோஷமாக வேலை செய்ய எங்களிடமிருந்து என்ன எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார்.

என்னோடு மூட்டை தைக்கிற போர்ச்சுகல்காரன் மனுவேல், உடை மாற்றுகிற அறையில் குளிர் தாங்கவில்லை, ஒரு ஹீட்டர் வேண்டும் என்றான். அல்ஜீரியாக்காரர் ஒருவர் தொழுகைக்கு ஒரு மூலை கேட்டார். ஆபீசில் இருக்கும் பிரெஞ்சு அம்மாள், அடுத்த வார ஷிப்ட் என்ன என்பதை வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட்டால் புண்ணியமாகப் போகும் என்றாள். எல்லாம் நியாயமான கோரிக்கை. அப்புறம் என் முறை வந்தது.

அன்றைக்கு என் அண்ணனின் நினைவு நாள். காலையில் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நேரே வேலைக்கு வந்திருந்தேன். கேட்பதற்கு எவ்வளவோ இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "வேலை முடிஞ்சு போறப்ப ஒரு துண்டு சர்க்கரை வேணும். மேனேஜர் தன் கையால தரணும்" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். நான் சொல்ல நினைத்தது வெல்லம். அதற்கு என்னிடம் வார்த்தை இல்லை. ஒரு வினாடி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு கூரை பறக்கச் சிரித்தார்கள். மிஸியே புருனேயும் சிரித்தார், ஆனால் குறித்துக்கொண்டார். நல்ல மனுஷர்.

அடுத்த திங்கட்கிழமை டப்பா வந்துவிட்டது. சர்க்கரை வந்தது, கை வரவில்லை. "சந்தோஷமா?" என்று என் தோளில் தட்டிக் கேட்டார். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நினைத்துக்கொண்டு, "மெர்சி" என்றேன்.

2

என்னை இங்கே எல்லோரும் சின்னப்பன் என்று கூப்பிடுகிறார்கள். சின்னப்பன் என் அப்பா. நான் சவரிமுத்து.

வந்த புதிதில் பிரெபெக்தூரில், அதாவது நம்ம ஊர் கலெக்டர் ஆபீஸ் மாதிரி ஒரு இடத்தில், குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்கள் குடும்பத்துக்குச் சோறே எப்போதாவதுதான் இருந்தது, தனியாகப் பெயர் எங்கே இருக்கும்? இரண்டு பெயர் இருக்கிறதே, பின்னால் இருப்பதைக் குடும்பப் பெயராகப் போட்டுக்கொள்கிறோம் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். அன்றிலிருந்து நான் மிஸியே சின்னப்பன். என் மனைவி மதாம் சின்னப்பன். பள்ளிக்கூடத்தில் என் மகளும் சின்னப்பன்தான்.

என் அப்பா வரதராஜன்பேட்டையில் கூலி வேலை பார்த்தவர். நிலம் என்று ஒரு முழம் கிடையாது. அறுப்பு முடிந்து களத்தில் கூலி நெல்லை வாங்கும்போது துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். அளக்கிறவர் மேலே இருந்து கொட்டுவார். கை படக் கூடாது, பேர் சொல்லிக் கூப்பிட வேண்டியதும் இல்லை, 'ஏய்' போதும். எழுபது வருடத்தில் ஒருத்தர் வாயிலிருந்தும் 'அய்யா' என்று கேட்டறியாத அந்த மனுஷரைத்தான் இங்கே தபால்காரர் முதல் டாக்டர் வரை மிஸியே, மிஸியே என்கிறார்கள். இதைக் கேட்கத்தான் அவர் இல்லை.

நான் எப்படி பிரான்சுக்கு வந்தேன் என்று கேட்பீர்கள். என் திறமை ஒன்றும் இல்லை. என் மனைவி தெரேஸ் பாண்டிச்சேரிக்காரி. அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. பங்குச் சாமியார் பேசி முடித்த கல்யாணம். பாண்டிச்சேரிப் பெண் கிடைத்தால் விமானம் கிடைத்த மாதிரி என்று அப்போது எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. விமானம் கிடைத்தது உண்மைதான். இறங்கின இடத்தில் என்ன கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் நானும் என் அண்ணன் ஆரோக்கியசாமியும் அரியலூர்ப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தோம். ஆலையின் பெயர் எதற்கு? அந்தப் பக்கத்தில் சுண்ணாம்புக் கல் இருக்கும் இடமெல்லாம் ஆலைதான். எங்கள் குடும்பத்தில் கூலி நெல்லுக்குத் துண்டு விரிக்காமல் சம்பளக் கவர் வாங்கிய முதல் ஆள் என் அண்ணன். இரண்டாவது ஆள் நான். கவர்மேல் பேர் எழுதியிருக்கும். அண்ணன் முதல் மாதக் கவரைக் கிழிக்காமல் ஓரமாகப் பிரித்து, மாதா படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தான்.

3

எங்களுக்கு பேக்கிங் பிளாண்டில் வேலை. சிமெண்டைச் சாக்கில் பிடித்துத் தைத்து, தோளில் ஏற்றி வேகனில் அடுக்க வேண்டும். மூக்கைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்வோம். சங்கு ஊதி வெளியே வரும்போது புருவம், இமை எல்லாம் சாம்பல் பூசியிருக்கும். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

தூசிக்கு மருந்து என்று எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. ஷிப்ட் முடிந்ததும் ஆளுக்கு ஒரு உருண்டை வெல்லம். வெல்லம் தொண்டையில் இறங்கினால் தூசியையும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று நம்பிக்கை. மற்ற இடங்களில் வாட்ச்மேன்கூடக் கொடுத்துவிடுவார். எங்கள் பேக்கிங்கில் மட்டும் ஷிப்ட் இன்சார்ஜ் ராகவன் சார், வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தன் கையாலேயே கொடுப்பார்.

சும்மா கொடுக்க மாட்டார். அப்பன் பேர், தன் பேர், ஊர் பேர் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். "சின்னப்பன் மகன் சவரிமுத்து, வரதராஜன்பேட்டை." சொன்னால் கையில் வெல்லம் விழும். நடுவில் நின்றால், "திருப்பிச் சொல்லுடா" என்பார்.

எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் மீன்சுருட்டி ஊர்க்காரர் ஒருவர் கேட்டே விட்டார்.

"ஏஞ் சார், தெனம் பாக்குற மூஞ்சி. இன்னுமா பேரு தெரியல?"

"உம் பேரு எனக்குத் தெரியும்டா. உனக்கு ஞாபகம் இருக்கான்னு பாக்குறேன். சொல்லுடா வெண்ணெ."

ராகவன் சாரை நல்லவர் என்று நான் சொல்ல மாட்டேன். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. ஐந்து நிமிஷம் பிந்தினால் அரை நாள் சம்பளம் போச்சு. நாங்கள் வாங்கி வந்த டீயைத் தொட மாட்டார். எல்லோருக்கும் வெல்லம் கொடுத்து முடித்ததும், குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். வெல்லத்தின் பிசுக்குக்காகவா, எங்கள் கை பட்டதற்காகவா என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்காமலே தெரியும் என்று அண்ணன் சொல்வான்.

ஒரு மழைக்காலத்தில், இருமலோடு இருந்த அண்ணனுக்கு, பெயரைச் சொல்லும்போது ஊர்ப் பேருக்கு முன்னால் மூச்சு நின்றது. "சின்னப்பன் மகன் ஆரோக்கியசாமி..." என்று நிறுத்தி, இழுத்து, "வரதராஜன்பேட்டை" என்றான். ராகவன் சார் திருப்பிச் சொல்லச் சொன்னார். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. வெல்லத்தைக் கையில் வைத்துவிட்டு, "நாளையிலேருந்து பேக்கிங் பக்கம் வராத. தோட்டத்துக்குப் போ" என்றார்.

ஆலை வாசலில் செம்பருத்தி, குரோட்டன்ஸ் எல்லாம் வைத்து ஒரு தோட்டம் இருந்தது. அதற்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. பேக்கிங்கில் இருந்தால் தூசிப் படி கிடைக்கும், தோட்டத்தில் அது கிடையாது. அதைவிட அவமானம் பெரிது. அண்ணன் அன்றைக்கு அறைக்கு வந்து சுவரைக் குத்தினான்.

"நாலு தலமொறையா மண்ணக் கெளறினது போதாதாடா? பேக்டரிக்கு வந்தும் அதே மண்வெட்டிதானா? அந்தாளு வேணும்னே பண்றான். நம்ம கவர்ல பேரு இருக்குறது அவனுக்குப் பொறுக்கல."

நானும் அப்படித்தான் நினைத்தேன். தை மாதம் கழிந்து ஒரு நாள் ராகவன் சார் தோட்டத்துக்கே போய், "பேரைச் சொல்லுடா" என்றாராம். அண்ணன் கோபத்தில் கத்தியே சொன்னானாம், ஒரே மூச்சில். "சரி, உள்ள போ" என்றாராம். அண்ணன் பேக்கிங்குக்குத் திரும்பி வந்தான். இருமல் போயிருந்தது, அவரை மன்னிக்கத்தான் மனசு வரவில்லை. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். அணைக்கிறபோதும் அந்தக் கை வலிக்கத்தான் செய்யும் என்பதை யாரும் சொல்வதில்லை.

4

எமர்ஜென்சி முடிந்த கையோடு ராகவன் சாருக்கு வடக்கே மாற்றல் ஆனது. அதே சமயம் ஆலைக்குப் புது மேனேஜர் வந்தார். வயது குறைவு, பெரிய படிப்பு. வந்த முதல் நாளே பேக்கிங் பிளாண்டுக்கு வந்து எல்லோருக்கும் கும்பிடு போட்டார். "நீங்க எல்லாம் என் குடும்பம் மாதிரிங்க" என்றார். எங்கள் வாழ்க்கையில் ஒரு ஆபீசர் வாயிலிருந்து 'நீங்க' வந்து நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. கேலி செய்யவில்லை, எனக்கும் கலங்கியது.

அவர் நிறையச் செய்தார். கேண்டீனில் ஃபேன் போட்டார். பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி வைத்தார். ஆலோசனை சொல்ல ஒரு பெட்டி வைத்தார், அதைத் திறந்தும் படித்தார். அப்புறம் வெல்லத்துக்கு வந்தார்.

"வெல்லத்துக்கும் நுரையீரலுக்கும் சம்பந்தமே இல்லைங்க. டாக்டரைக் கேட்டுட்டேன். பெரிய மனுசங்களை வரிசையில நிக்க வச்சு, பேரைச் சொல்லச் சொல்லி, குழந்தைக்கு மிட்டாய் குடுக்கற மாதிரி குடுக்கறது எனக்குச் சங்கடமா இருக்கு. இனிமே வாசல்ல டின்னுல இருக்கும். அவங்கவங்களே எடுத்துக்கலாம்."

அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. இதை எத்தனையோ தடவை திருப்பித் திருப்பி யோசித்துவிட்டேன். வெல்லத்தில் ஒன்றும் கிடையாதுதான். பெரிய ஆட்களை நிற்க வைத்துப் பேர் சொல்லச் சொல்வது அவமானம்தான். நாங்கள் கை தட்டினோம். யூனியன்காரர்கள் மாலை போட்டார்கள். கொஞ்ச நாளில் டின்னும் போய், வெல்லத்துக்கு ஈடாகச் சம்பளத்தோடு காசாகவே கொடுத்துவிட்டார்கள். அதற்கும் கை தட்டினோம்.

வாசலில் டின் வந்த அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் எனக்குப் புரோட்டா வாங்கிக் கொடுத்தான்.

"டேய் சவரி, இனிமே எவங்கிட்டயும் அப்பன் பேரு, ஊர் பேரு சொல்லத் தேவையில்லடா. போறோம், வேலை பாக்குறோம், வர்றோம். இதுதாண்டா மரியாத."

அவன் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை. ராகவன் சார் எங்கள் பேரைக் கேட்கவில்லை, மூச்சைக் கேட்டார் என்பது அந்தப் புரோட்டாக் கடையில் உட்கார்ந்திருந்த எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை. புது மேனேஜர் மண்டையிலும் ஏறவில்லை. வாசலில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்ய, வடக்கே போனவருக்குப் பதிலாக எவரும் வரவும் இல்லை. அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம் ஆகி நான் விமானம் ஏறிவிட்டேன்.

5

இங்கே வந்த பிறகு அண்ணனும் நானும் காசெட்டில் பேசிக்கொள்வோம். பாண்டிச்சேரிக்குப் போய்வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புவது வழக்கம். ஊர் வம்பு, கோயில் தேர், மழை, அண்ணி சமையல் எல்லாம் அதில் வரும். அண்ணி மரியபுஷ்பம் பெரம்பலூர்ப் பக்கத்துப் பெண். நடுவில் புகுந்து, "கொளுந்தனாரே, அங்க சோறு கெடைக்குதா, இல்ல ரொட்டிதானா?" என்று கேட்பாள்.

என் மகள் ஆக்னெசுக்கு ஐந்து வயதாகியிருந்தபோது ஒரு காசெட் வந்தது. அண்ணன் விளையாட்டாக ஆரம்பித்திருந்தான். "ராகவன் சார், சின்னப்பன் மகன் ஆரோக்கியசாமி..." என்றான். அப்புறம் டேப் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு இழுப்பு. அதற்கப்புறம்தான் "வரதராஜன்பேட்டை" வந்தது. பின்னாலேயே அவன் சிரிப்பு.

நான் டேப்பைத் திருப்பிப் போட்டேன். மறுபடி போட்டேன். "பாக்கியையும் கேளுங்களேன், ஆரம்பத்தையே போட்டுக்கிட்டு இருக்கீங்க" என்று தெரேஸ் சத்தம் போட்டாள். பாக்கியை நான் கேட்க வேண்டியதில்லை. அந்த இடைவெளியிலேயே எல்லாம் இருந்தது. ராகவன் சார் ஏன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார் என்பது ஐயாயிரம் கல் தாண்டி வந்து, ஒரு டேப் ரிக்கார்டருக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் அறிவு அந்த லட்சணத்தில் இருந்தது.

பேக்கிங்கை விட்டு வெளியே வா, மேனேஜரிடம் கேள் என்று உடனே பதில் காசெட் அனுப்பினேன். அதற்கு அவன் பதில் வந்தது.

"கேட்டேன்டா. உக்கார வச்சு டீ குடுத்தாரு. 'கட்டாயம் யோசிக்கிறேங்க, உடம்பப் பாத்துக்குங்க'ன்னாரு. எம்புட்டு மரியாத தெரியுமா? அந்த மாதிரி மனுசங்கிட்ட திருப்பித் திருப்பிக் கேக்க எனக்கே கூச்சமா இருக்குடா."

அவர் என் அண்ணன் சொன்னதைக் கேட்டார். சொன்ன குரலைக் கேட்கவில்லை. அண்ணனும் கூச்சத்தில் திரும்பிப் போய் துண்டைக் கட்டிக்கொண்டான். முதலில் காச நோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். பெரம்பலூர் டாக்டர் ஒருவர்தான் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாக்குறாரு?" என்று அண்ணியைக் கேட்டாராம். அந்தக் கேள்வியை ஆலையில் ஒருவரும் கேட்க முடியாது, ஏனென்றால் எல்லோருக்கும் பதில் தெரியும்.

'அண்ணன் கவலைக்கிடம், உடனே புறப்படவும்' என்று தந்தி வந்தது. அந்தச் சமயம் பார்த்து என் தங்கும் அனுமதி அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. கையில் இருந்தது ஒரு ரசீது மட்டும். விடியுமுன் போய் பிரெபெக்தூர் வாசலில் நின்றேன். தெரேசுக்கு ஆஸ்பத்திரித் துப்புரவு வேலையில் லீவு கிடைக்கவில்லை. எனக்குப் பதிலாகப் பேச ஆக்னெசைக் கூட்டிப் போனேன். கவுண்டருக்கு அவள் எட்டவில்லை, தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பெரியப்பா சாகப் போறாரு, அப்பா போயிட்டுத் திரும்பி வரணும்னு சொல்லும்மா" என்றேன். குழந்தை சொன்னாள். கவுண்டரில் இருந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. "அடடா, இந்தக் குட்டி எவ்வளவு அழகாக பிரெஞ்சு பேசுகிறாள்!" என்றாள். பிறகு ரசீதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, போவதைத் தடுக்க மாட்டோம், திரும்பி வருவதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றாள். ஆக்னெஸ் அதை எனக்குத் தமிழில் சொன்னாள். தன்னை அழகாகப் பேசுகிறாள் என்று சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள். நான் போகவில்லை.

அண்ணியின் காசெட் பிறகு வந்தது. அழுகைக்கு நடுவே அவள் சொன்னதில் ஒன்று இன்னும் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. புது மேனேஜர் வரதராஜன்பேட்டை வரைக்கும் காரில் வந்தாராம். பெரிய ரோஜா மாலை போட்டாராம். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கைகட்டி நின்று, ஜெபம் முடிகிறவரை இருந்தாராம். கிளம்பும்போது அண்ணியிடம் ஆறுதல் சொல்ல வந்தவர், மெதுவாகப் பக்கத்திலிருந்த டிரைவரிடம் திரும்பி, "இவர் பேரு என்னங்க?" என்று கேட்டாராம்.

6

சர்க்கரை டப்பா வந்த அன்று வீட்டில் இதையெல்லாம் சொன்னேன். ஆக்னெசுக்கு இப்போது ஒன்பது வயது. பிரெஞ்சில் கனவு காண்கிறாள், பிரெஞ்சில் சண்டை போடுகிறாள். தமிழ் எங்களுக்காக ஒதுக்கி வைத்த ஞாயிற்றுக்கிழமைச் சட்டை மாதிரி. அவள் தம்பி அதையும் போட்டுக்கொள்வதில்லை.

"வெல்லம்னா என்ன பப்பா?"

கரும்புச் சாற்றைக் காய்ச்சினால் வரும், பழுப்பாக இருக்கும் என்றேன்.

"அது சர்க்கரதானே?"

"இல்லம்மா."

"அப்ப எனக்குத் தெரியல" என்று தோளைக் குலுக்கினாள். அந்தக் குலுக்கல் நாங்கள் சொல்லிக் கொடுத்தது அல்ல. பிறகு, "பப்பா, நீ சர்க்கர கேட்டதுக்கு நல்ல மாஸ்க் கேட்டிருக்கலாம்ல?" என்றாள்.

கேட்டிருக்கலாம்தான். ஒன்பது வயதுக் குழந்தைக்கு இருக்கும் புத்தி எனக்கு இல்லை என்பது மட்டும் கேட்காததற்குக் காரணம் அல்ல. மில்லில் காகித மாஸ்க் கொடுக்கத்தான் செய்கிறார்கள், வியர்வையில் ஒட்டிக்கொள்கிறது என்று ஒருவரும் போடுவதில்லை. வருடம் ஒருமுறை டாக்டர் வருகிறார், முதுகில் குழலை வைத்து மூச்சை இழுக்கச் சொல்கிறார், வேலைக்குத் தகுதி என்று முத்திரை குத்துகிறார். இதற்கு முன்னால் எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை, சிமெண்டுக்கு என்ன வார்த்தை என்று தெரிந்தும். மூட்டை பிடிக்கிற வேலை போய்விட்டால் அனுமதி அட்டையை நம்பி நிற்கிற மனுஷனுக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்?

சந்தோஷத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். சந்தோஷமெல்லாம் வீட்டில் பார்த்துக்கொள்கிறோம், அய்யா. வேலை முடிந்து வெளியே போகிறவன் காலையில் உள்ளே வந்த அதே ஆள்தானா என்று வாசலில் ஒருவர் பார்த்தால் போதும். அந்த ஆள் மரியாதையாகவும் இருந்துவிட்டால் அதைவிட என்ன வேண்டும்! எனக்குத்தான் இரண்டும் ஒரே ஆளிடம் கிடைக்கவில்லை. திட்டினவர் பார்த்தார், கும்பிட்டவர் பார்க்கவில்லை. எங்கள் மிஸியே புருனே திட்டவும் மாட்டார், பார்க்கவும் மாட்டார், டப்பா வைப்பார்.

7

குளிர் ஆரம்பித்ததிலிருந்து மனுவேல் இருமுகிறான். அவன் கேட்ட ஹீட்டர் இன்னும் வரவில்லை, என் சர்க்கரைதான் முந்திக்கொண்டது. ஒரு நாள் வேலை முடிந்ததும் டப்பாவிலிருந்து ஒரு கட்டியை எடுத்து வைத்துக்கொண்டு அவனை வாசலில் மறித்தேன்.

"உன் பெயரைச் சொல்."

"இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று மூட்டை தைக்கிறேன், என் பெயர் தெரியாதா உனக்கு?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உலகம் முழுக்க மூட்டை தூக்குகிறவனுக்கு ஒரே கோபம்தான் போல.

"அப்பன் பெயர், உன் பெயர், ஊர். ஒரே மூச்சில் சொன்னால்தான் சர்க்கரை."

அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பாட்டுப் பாடுகிற மாதிரி, கடகடவென்று சொன்னான். போர்ச்சுகல்காரர்களுக்குப் பெயர் அப்பா வழி, அம்மா வழி என்று முழ நீளம் இருக்கிறது. ஒரு இடத்திலும் நிற்கவில்லை. வெறும் சிகரெட் இருமல். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று அவனுக்குத் தெரியாது. சர்க்கரையை அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

அது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. தினம் மறிப்பேன், தினம் சொல்வான், தினம் சர்க்கரை. அல்ஜீரியாக்காரரும் வந்து சேர்ந்தார். ஆபீஸ் அம்மாளுக்கு விஷயம் போய், பைத்தியங்கள் என்று சொன்னாளாம். மிஸியே புருனே ஒரு நாள் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். தொழிலாளர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று மேலிடத்துக்குச் சொல்லியிருப்பார்.

நேற்று மனுவேல் எனக்கு முன்னால் ஓடிப் போய் டப்பாவிலிருந்து ஒரு கட்டியை எடுத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றான்.

"தினம் எங்களைக் கேட்கிறாய். இன்று உன் முறை, சின்னப்பன்."

"சின்னப்பன் என் அப்பா" என்றேன்.

"அப்படியா? அப்போது நீ யார்? சொல்!"

இந்த நாட்டுக்கு வந்த பிறகு அதை முழுதாக யாருக்கும் சொன்னதில்லை. ராகவன் சார் முன்னால் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றேன். மூச்சை நிறைய இழுத்துக்கொண்டேன்.

"சின்னப்பன் மகன் சவரிமுத்து..."

அதற்குமேல் காற்று இல்லை. நின்றேன். இழுத்தேன். "வரதராஜன்பேட்டை" என்றேன்.

மனுவேல் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏன் அங்கே நின்றுவிட்டாய்? ஊர்ப் பெயர் மறந்து போச்சா?"

"ஆமாம், மறந்து போச்சு" என்று சொல்லி, கையை நீட்டிச் சர்க்கரையை வாங்கிக்கொண்டேன்.